பீரோவுக்குப் பின்னால் பூத்தது

அத்தியாயம் 11

போன வாரம் பச்சையம்மாவைப் பொங்கி வழிந்த பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஊரே வந்து புது அறையைப் பார்த்து, சுவரைத் தடவி, டைல்ஸில் முகம் பார்த்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனது. யாருக்காக அந்தப் பழைய அறை புதுப்பிக்கப்பட்டதோ அவள் மட்டும் வரவில்லை. மருமகள் சத்யா பிரசவத்துக்குப் போன தாய்வீட்டிலேயே, திருநின்றவூரில் இருந்தாள். கைக்குழந்தை பரணிதரனுக்கு இளைப்பு. மழை நாளில் மூச்சு இழுத்தது. ஈரம் கட்டிய இடத்தில் குழந்தையை வைக்கவே வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சத்யா திருநின்றவூரிலேயே ஒரு வாடகை ஃபிளாட்டைப் பார்த்து, பேசியும் வைத்திருந்தாள். பச்சையம்மாவோ பிள்ளையும் பேரனும் அத்திப்பட்டு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இருவருக்கும் நடுவில் மதிவாணன், ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்குப் பிள்ளை. இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து வலி கண்டவன்.

கடைசியில் சத்யாவே ஒரு வழி சொன்னாள். "மார்கழி பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை குழந்தையோட வந்து ரூமைப் பாக்கறேன் அத்தை. அவனுக்கு ஒத்துக்கிச்சுன்னா அப்படியே தங்கிடறோம். ஒத்துக்கலைன்னா என்னை வற்புறுத்தக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, குழந்தைக்கென்று துவைத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை எடுத்துக்கொண்டு புது அறைக்குள் போனாள் பச்சையம்மா. பால் காய்ச்சிய அன்று சாத்திய அறை. வெள்ளைச் சுவர் மருமகள் பார்க்கும்வரை வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று அப்படி ஒரு காவல். தெருவில் நாள் முழுக்க அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் போகும். தார்ப்பாய் போர்த்திக்கொண்டுதான் போகும். ஆனாலும் சாயங்காலம் ஜன்னல் கட்டையைத் தொட்ட விரல் விபூதி இட்ட விரல்போல் ஆகிவிடும்.

அதனால் ஜன்னலைச் சாத்தி, சந்துகளில் டேப் ஒட்டும் வேலையைக் கணவன் துலுக்காணத்திடம் ஒப்படைத்திருந்தாள். எந்த வேலையையும் முக்கால்வாசியில் நிறுத்திவிட்டு பீடி பற்ற வைக்கிற மனிதர், அந்த ஒரு வேலையை மட்டும் எறும்பு நுழைய இடமில்லாமல் முடித்திருந்தார்.

பச்சையம்மா பீரோவைத் திறந்தாள். திறந்தவுடனே மூடினாள். மறுபடி கொஞ்சம் போலத் திறந்து மூக்கை மட்டும் உள்ளே விட்டாள்.

"யோவ்! இங்க வாய்யா."

துலுக்காணம் டீ டம்ளரோடு வந்தார். "இன்னாமே, இன்னும் நாஷ்டாகூட துன்னல. அதுக்குள்ள ஏலம் உட்ற?"

"மோந்து பாரு."

அவர் பீரோவுக்குள் தலையை விட்டு எடுத்தார். "புது பிளைவுட்டு. அப்டித்தான் அடிக்கும்."

"பிளைவுட்டு வாடையா இது? இந்த மூக்க வெச்சிதான்யா உனக்குச் சேத்து சோறு போட்டேன். டம்ளர கீழ வெச்சிட்டு அந்தப் பக்கம் புடி."

அவள் சொன்னது பொய்யில்லை. பழவேற்காட்டில் பிறந்து, பொன்னேரி சந்தையிலும் கும்மிடிப்பூண்டி சந்தையிலும் கருவாட்டுக் கூடையோடு குந்தி, மகனைப் படிக்க வைத்து, வீட்டையும் கட்டியவள். எதிரில் நிற்கிறவன் வாங்க வந்தவனா, விலை கேட்டுப் பொழுது போக்க வந்தவனா என்று அவன் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

சுவரோடு சுவராக ஒட்டி நின்ற பீரோவை இருவருமாக இழுத்தார்கள்.

பீரோ நின்ற உயரத்துக்கும் அகலத்துக்கும் சுவர் நிறம் மாறியிருந்தது. மேலே மிளகைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். இடுப்பு உயரத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்தன. அடியில், மூலையில், பஞ்சு ஒட்டினாற்போல் நரைத்த பூஞ்சை. பிளைவுட்டின் முதுகிலும் அதே கோலம்.

"அடடே," என்றார் துலுக்காணம். "கலர் கலரா பூத்துக்கீது."

"வெத்தல பாக்கு வெச்சி ஊரக் கூப்டட்டா, வந்து பாத்துட்டுப் போவட்டும்? மூஞ்சியப் பாரு! சாயங்காலம் கொயந்தய இந்தச் சொவுத்துக்குப் பக்கத்துலதான் போடப் போறா. நெஞ்சு இழுக்கற கொயந்த."

துலுக்காணம் டம்ளரை எடுத்தார். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.

பெயிண்டர் மோகன்ராஜுக்கு ஃபோன் போனது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவதில்லை என்று ஆரம்பித்தவன், "வரியா, நான் உன் ஊட்டுக்கு வரட்டா?" என்று பச்சையம்மா கேட்டதும் பைக்கை எடுத்துவிட்டான். வந்து சுவரைப் பார்த்து, நகத்தால் ஓரிடத்தில் சுரண்டி, உதட்டைப் பிதுக்கினான்.

"ஓதம் யக்கா."

"ஓதம்னு எனக்குத் தெரியாதா? போறதுக்கு வழி சொல்லு."

"மேல ஒரு கோட்டு அடிச்சா மறைஞ்சிடும். ஆனா இன்னிக்கி அடிச்சா வாடை இருக்கும். கொயந்த வர்ற ஊடுன்ற. வேணாம். பீரோவத் தள்ளி இருந்த எடத்துலயே வெச்சிடு. கொஞ்சம் சாம்பிராணி போடு. பொங்கலுக்கு முன்னாடி வந்து அடிச்சிக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது."

"அடிச்சா திரும்ப வராதா?"

மோகன்ராஜ் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "வரும் யக்கா. உள்ள ஈரம் கீது இல்ல. ஆனா வர்றதுக்குள்ள அவுங்க வந்து குந்திடுவாங்க இல்ல?"

அவன் கெட்டவன் அல்ல. தினமும் மறைக்கிற தொழிலில் இருப்பவன். கூப்பிட்டவர்களுக்கு எது வேண்டும் என்பது அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் போன பிறகு பச்சையம்மா அறையில் தனியாக நின்றாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். ஜில்லென்றிருந்தது. வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே சுவர் ஜுரம் விட்ட உடம்பு மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. கையை மூக்கருகே கொண்டு போனாள்.

இந்த வாடையை எங்கே முகர்ந்திருக்கிறோம் என்று யோசிக்க அவளுக்கு அவசியமே இல்லை. அரைகுறையாகக் காய வைத்து மூட்டை கட்டிய நெத்திலியின் வாடை அது. மேலே தொட்டால் மொரமொரவென்று இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். மூட்டையின் வாயைத் தைத்து நாலு நாள் போட்டால் போதும், அடியில் பச்சை கட்டிவிடும். அவளிடம் வேலை செய்ய வரும் பொம்பளைகளுக்கு அவள் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். வெயில் பாதி, காற்று பாதி. வெயில் இல்லாவிட்டாலும் காற்றாவது பட வேண்டும். காயாததை மூடாதே.

ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவள், ஒரு வீட்டையே காயாமல் மூட்டை கட்டியிருந்தாள்.

எல்லாம் அவசரம். ஐப்பசி மழையில் பூச்சு வேலை நடந்தது. மார்கழி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது, தை வரை காத்திருந்தால் சத்யா ஃபிளாட்டுக்குப் போய்விடுவாள். மேஸ்திரி முனுசாமி, பூச்சு நன்றாகக் காயட்டும், மழை விட்டு ஒரு மாசம் போகட்டும், அப்புறம் சுவரை வழவழப்பாக்கப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கலாம் என்றுதான் சொன்னார். பச்சையம்மா அவரிடம் பேரம் பேசினாள். எதற்கும் பேரம் பேசிப் பழகிய வாய், ஈரம் காய்கிற நாளுக்கும் பேரம் பேசியது.

"மாசக் கணக்குல பேசாத மேஸ்திரி. வாரக் கணக்குல பேசு."

மேஸ்திரி இறங்கி வந்தார். பத்து நாள் என்றார். அவள் ஒரு வாரத்தில் முடித்தாள். நல்ல வியாபாரம் செய்த திருப்தியோடு அன்று இரண்டு டீ வாங்கிக் கொடுத்தாள். மேஸ்திரிதான் இறங்கி வந்தார், சுவர் இறங்கி வரவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அறைக்குப் பின்பக்கமும் ஒரு ஜன்னல் இருந்தது. கொல்லையில் கருவாடு காயும் இடத்தைப் பார்த்த ஜன்னல். சத்யா மசக்கையாக இருந்தபோது அந்த வாடை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து, வாந்தி எடுத்துத் துவண்டு போவாள். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த முந்தானை பச்சையம்மாவின் கண்ணிலேயே நின்றது. புதுப்பிக்கிற வேலை ஆரம்பித்த முதல் நாளே, "பின் ஜன்னல கல்லு வெச்சி அடைச்சிடு" என்று சொல்லிவிட்டாள். மருமகளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தாள்.

முன் ஜன்னலில் டேப். பின் ஜன்னலில் செங்கல். நடுவில் ஈரச் சுவர், சுவரோடு ஒட்டி பீரோ. காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும்?

மத்தியானம் மதிவாணன் வந்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்துவிட்டு, ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நேராகப் புது அறைக்குப் போனான். தொட்டிலை எங்கே கட்டலாம் என்று பார்க்கத்தான் போனான். இழுத்துப் போட்ட பீரோவையும் சுவரையும் பார்த்தான்.

"யம்மா, இன்னாது இது?"

"பாத்தா தெரில? சோறு போடட்டா, கை கழுவு."

"சோறு இருக்கட்டும்மா. சத்யா வர்ற நேரத்துல ஏன் இத இழுத்துப் போட்டுகினு கீறீங்க? நைனா! இங்க வாங்க. ஒரு கை குடுங்க."

துலுக்காணம் வந்தார். அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளாமலே பீரோவைச் சுவரோடு சுவராகத் தள்ளினார்கள். கறுப்பு மறைந்தது. அறை மறுபடியும் போன வாரத்து அறையாகிவிட்டது. பார்க்க அவ்வளவு அழகு. டைல்ஸில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கியது.

"மதி," என்றாள் பச்சையம்மா. "அவளாண்ட சொல்லிடலாம்டா. பின் ஜன்னல தொறந்து, இத சுரண்டி, நல்லா காய வெச்சி அப்புறம் வரட்டும்."

"அப்புறம்னா?"

"தையோ, மாசியோ."

மதிவாணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அது சரசரவென்று சத்தம் போட்டது.

"சொல்லாதம்மா."

"ஏன்டா?"

அவன் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த ஃபிளாட்ட நான் வேணாம்னு சொல்லிட்டேன். நேத்து."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஓனர் தினமும் கேட்டுகினே இருந்தாரு, வரீங்களா இல்ல வேற ஆளப் பாக்கட்டான்னு. நீ இங்க இவ்ளோ செஞ்சி வெச்சிருக்க. ரூம பாத்தா அவ ஒத்துக்குவான்னு நெனச்சேன். ஒத்துகினா அந்தப் பேச்சே வராது இல்ல? அதான் சொல்லிட்டேன். இப்போ இந்தச் சொவுத்த காட்டினா, அங்கியும் இல்ல, இங்கியும் இல்லன்னு ஆயிடும்மா. நான் எங்க போயி நிக்கறது?"

பச்சையம்மாவுக்கு முதலில் வந்தது, மறைத்து என்ன புண்ணியம், ஒரு பெரிய சந்தோஷம்தான். பிள்ளை அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். இத்தனை மாதமாக இழுத்துக்கொண்டிருந்த பேச்சில் அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே கசந்தது. பொண்டாட்டியிடம் சொல்லாமல் ஜெயித்துக் கொடுத்திருக்கிறான்.

"இன்னா காரியம்டா பண்ணிகினு வந்து கீற..."

"சொல்ல மாட்ட இல்ல?"

அவள் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. "வந்து சாப்புடு" என்றாள். அந்த வீட்டில் அதற்கு ஒப்புதல் என்றுதான் அர்த்தம்.

சாம்பிராணி போட்டார்கள். துலுக்காணம் ஜன்னல் டேப்பைப் பிய்த்தார். புதுப் பெயிண்ட்டும் கூடவே பட்டை பட்டையாக வந்தது. "ஒட்டச் சொன்னியே, ஒயுங்கா ஒட்டினேன் பாத்தியா?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். சிரிக்க யாருமில்லை.

வெயில் தாழ்வதற்கு முன்பே வாசலில் கால் டாக்சி நின்றது. மதிவாணன் போய் அழைத்து வருவதாகத்தான் ஏற்பாடு. அவன் வேலை முடிந்து வந்திருப்பான், அலைய வேண்டாம் என்று சத்யா தானே கிளம்பி வந்துவிட்டாள். தோளில் பை, இடுப்பில் குழந்தை. பை பெரியதாக இருந்ததைப் பச்சையம்மா முதலில் கவனித்தாள். ஒரு சாயங்காலத்துக்குக் கொண்டு வருகிற பை அல்ல. தங்குவதற்கென்றே வந்திருக்கிறாள்.

ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தாள். குழந்தை ஆரத்தித் தட்டைப் பிடுங்கப் பார்த்தது.

"தாத்தா மாதிரி," என்றாள் பச்சையம்மா. "எதப் பாத்தாலும் கை வெப்பான்."

"என்னா அத்தை, மாமா பாவம்," என்று சத்யா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

புது அறை வாசலில் சத்யா நின்றாள். சுற்றிப் பார்த்தாள். உள்ளே வந்து பின்பக்கச் சுவரைப் பார்த்தாள். பழைய ஜன்னல் இருந்த இடத்தைக் கையால் தடவினாள்.

"இங்க ஜன்னல் இருந்துச்சே?"

"அடைச்சிட்டேன் சத்யா. கருவாட்டு வாடை வரக் கூடாதுன்னு."

"எனக்காகவா?"

"உனக்காவத்தான்."

சத்யா அந்த இடத்தை இன்னொரு தரம் தடவினாள். பிறகு திரும்பியபோது அவள் குரல் மாறியிருந்தது. "நான் ஒரு நாளும் உங்ககிட்ட சொன்னதில்லையே அத்தை."

"சொல்லித்தான் தெரியணுமா?"

"இங்க என்னைப் பத்தி யாரும் நெனைக்கறதே இல்லன்னு எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். தப்பா சொல்லிட்டேன் போல."

சொல்லிக்கொண்டே குழந்தையைக் கட்டிலில் போட்டாள். மெத்தை உறை சரசரத்ததும் பரணிதரனுக்குக் கொண்டாட்டம். காலை உதைத்து உதைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். உதைத்த உதையில் தலை பீரோவின் பக்கம் நகர்ந்தது. ஒரு தும்மல். இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மலுக்குப் பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டு பாட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

மதிவாணன் அம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான்.

பச்சையம்மா சந்தையில் யாரிடம் சரக்கு எடுத்தாலும் மேலே பரப்பியிருப்பதைப் பார்க்க மாட்டாள். முழங்கை வரை மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். அடியில் பூஞ்சை இருந்தால் அந்த வியாபாரியிடம் அந்த ஜென்மத்துக்கு வாங்க மாட்டாள். இப்போது எதிரில் நிற்கிறவள் கையை விட்டுப் பார்க்கவில்லை. மேலே பரப்பியதைப் பார்த்தே நம்பிவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட மறைத்திருக்கலாம் போலிருந்தது.

"சத்யா, கொயந்தய தூக்கு."

"ஏன் அத்தை?"

"தூக்கு கண்ணு, சொல்றேன். யோவ், அந்தப் பக்கம் புடி."

"எந்தப் பக்கம்?" என்றார் துலுக்காணம், ஒன்றும் தெரியாதவராக.

"காலைல புடிச்ச பக்கம்!"

பீரோ நகர்ந்தது. சத்யா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். மதிவாணன் தரையைப் பார்த்தான்.

"இது காலைலதான் தெரிஞ்சிச்சி," என்றாள் பச்சையம்மா. "மறைச்சிடலாம்னுதான் திரும்பத் தள்ளி வெச்சோம். பெயிண்ட்டுமேல பழி போடறதுக்கில்ல. மேஸ்திரி சொன்னாரு, நான்தான் கேக்கல. பூச்சு காயறதுக்குள்ள பட்டி பாக்கச் சொன்னேன். அந்த ஜன்னல அடைச்சேன், இந்த ஜன்னல சாத்தினேன். காத்தே இல்லாம பூட்டி வெச்சேன். சொவுரு இன்னா பண்ணும்?"

சத்யா சுவரையும் பீரோவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலைலயே பாத்துட்டு, ஏன் இப்ப சொல்றீங்க? மறைச்சே இருந்திருக்கலாமே?"

"தும்மினான் இல்ல?"

சத்யாவின் முகம் கொஞ்சம் இளகியது. குழந்தையை வெளி அறைக்குக் கொண்டு போய் ஃபேனுக்கு நேராக மாமனார் மடியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு சுவருக்கு அருகில் போய்ப் பார்த்தாள். இந்தத் தடவை அந்த முந்தானையைப் பார்த்துப் பச்சையம்மாவுக்கு உறுத்தவில்லை.

"இதுமேல பெயிண்ட் அடிச்சா போகாது அத்தை."

"போவாது. பட்டிய பூரா சுரண்டி எடுக்கணும். சும்மா சுரண்டினா தூளு ஊடெல்லாம் பறக்கும், நனைச்சிட்டுச் சுரண்டணும். மூக்குல துணி கட்டிகினு பிளீச்சிங் பவுடர் கரைச்சி கழுவணும். அப்புறம் சும்மா காயட்டும். எவ்ளோ நாள் ஆவுதோ ஆவட்டும், நான் கேக்க மாட்டேன். கை வெச்சா ஜில்லுன்னு இல்லாம இருக்கற வரிக்கும் பட்டி கிடையாது."

"பீரோ?"

"அத வெயில்ல போட்டுத் தொடைக்கணும். திரும்ப வெக்கறப்போ ஒரு சாண் தள்ளி வெக்கறது. சொவுத்துக்கும் அதுக்கும் நடுவுல காத்து போவணும்."

"பின் ஜன்னல்?"

பச்சையம்மா தயங்கினாள். "தொறந்தா வாடை வருமே."

"வந்தா வரட்டும். மசக்கைல ஒத்துக்கல, இப்ப என்ன? பகல்ல ரெண்டு ஜன்னலும் திறந்திருக்கணும். சாம்பல் வந்தா துடைச்சிக்கலாம் அத்தை. துடைச்சா போறது சாம்பல். இது துடைச்சா போகுதா?"

துலுக்காணம் வெளி அறையிலிருந்து குரல் கொடுத்தார். "கருவாட்ட கொல்லைல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கி மாத்திட்டா வாடையும் வராது. இத ஆரம்பத்துலயே சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்போ சொல்லலாம்னு இருந்த? பேரனுக்குக் கல்யாணம் ஆவும்போதா?"

சத்யா வாய் விட்டுச் சிரித்தாள். பச்சையம்மாவும் சிரித்தாள். நனைந்து கிடந்த ஒரு நாள் வெளுப்பது போலிருந்தது. மதிவாணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் அத்தை," என்றாள் சத்யா. கட்டிலில் உட்கார்ந்து பச்சையம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நீங்க மறைக்காம சொன்னதுக்கு நானும் மறைக்காம சொல்றேன். நான் இன்னிக்கி வந்தது சும்மா பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான். அம்மாதான் பைய நிரப்பி அனுப்பிச்சாங்க. இப்ப மனசு மாறிடுச்சு. இந்தச் சுவரு காயற வரைக்கும் நாங்க அந்த ஃபிளாட்ல இருக்கோம். ஞாயித்துக்கிழமை தவறாம குழந்தையத் தூக்கிட்டு வரேன். மாசியோ பங்குனியோ, நீங்க கை வெச்சுப் பாத்து காஞ்சிடுச்சுன்னு சொல்ற அன்னிக்கு, மூட்ட முடிச்சோட இங்க வந்துடறோம். சரியா?"

பச்சையம்மா வாழ்நாளில் எத்தனையோ பேரங்களை முடித்திருக்கிறாள். இப்படிக் கேட்டதற்கு மேலேயே கிடைத்த பேரம் ஒன்றுகூட இல்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். கண் மதிவாணன் பக்கம் போனது.

"உங்கம்மா ஊட்லயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே சத்யா," என்றான் மதிவாணன் அவசரமாக. "எதுக்கு ஃபிளாட்டு?"

"தம்பிக்குப் பரீட்சை வருது, இருக்கறதே ரெண்டு ரூம். ராத்திரி இவன் அழுதா அவன் எங்க படிப்பான்? அதுக்குத்தானே ஃபிளாட்டே பாத்தோம். இருங்க, ஓனர்கிட்ட இப்பவே சொல்லிடறேன். மார்கழிக்கு முன்னாடி சாவி வாங்கிடலாம்."

"நான் பேசறேன் குடு."

"நீங்க எப்பப் பேசினீங்க? எல்லாம் நான் பேசினதுதானே?" சிரித்துக்கொண்டே எண்ணைத் தட்டிவிட்டாள். வெளி அறையில் குழந்தை சிணுங்கியது. அங்கே ஒரு காது, இங்கே ஒரு காது வைக்க வேண்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

மணி அடித்தது. மதிவாணன் அம்மாவைப் பார்த்தான். பச்சையம்மா ஃபோனைப் பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றது ஒரு வயதான குரல்.

"சார், சத்யா பேசறேன். சாவி வாங்கிக்க எப்ப வரலாம்?"

"எந்தச் சாவிம்மா? உங்க வீட்டுக்காரர்தான் நேத்து ஃபோன் பண்ணி வேணாம்னுட்டாரே. நான் இன்னிக்குக் காலைல வேற பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேனே. உனக்குத் தெரியாதா?"

சத்யா "சரிங்க சார்" என்றாள். ஃபோனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள்.

மதிவாணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டினாள், நின்றுவிட்டான். அவனைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில், தோள் உரச உட்கார்ந்திருந்த மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

தெரியாது என்று சொன்னால் பிள்ளை மட்டும் மாட்டுவான், பச்சையம்மா தப்பிப்பாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சம்பாதித்த அத்தனையும் கையிலேயே நிற்கும். சத்யா நம்புவாள். நம்பத் தயாராக, ஏறக்குறைய கெஞ்சுகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள் பச்சையம்மா.